தன் பலகையில் தான் ஏற முடியாது

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, கீழ்மாடித் தையல்கூடத்துக் கட்டிங் மாஸ்டர் கழுத்தில் அளவு டேப்போடு எங்கள் அறைக்குள் வந்து, செல்போனை என் மேசைமேல் வைத்தார்.

“ஏம்மா, இது உங்களுக்கே நல்லா இருக்கா? என் பலகை. எனக்குன்னு நீங்க கொடுத்தது. ஏறப் போனா என்னையே தண்ணில தள்ளி விடுது.”

நான் போனை எடுத்துப் பார்த்தேன். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய பலகை பச்சை நிறத்தில் சமர்த்தாய் மிதந்தது. அதைத் தொட்டேன். மாஸ்டரின் குட்டி உருவம் ஒரு தாவு தாவியது, பலகை சட்டென்று சாய்ந்தது, ஆள் தண்ணீருக்குள். இன்னொரு முறை தொட்டேன், அதே கதை. மூன்றாவது முறை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டருக்கு வரவில்லை. நான் சிரித்ததைக் கேட்டு அண்ணி ஹெட்போனைக் கழற்றினாள்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்தாலே எலியும் பூனையும் என்பார்கள், நாங்கள் ஒரே அறையில் ஒரு கம்பெனியே ஆரம்பித்தோம். விளையாட்டை யோசிப்பது நான், அதைக் கம்ப்யூட்டர் நிரலாய் எழுதுவது அவள். “ரெண்டு பேரும் எப்ப சண்டை போடுவீங்கன்னு நானும் பத்து வாரமா காத்துக்கிட்டு இருக்கேன்” என்று அண்ணன் வாராவாரம் சொல்லிக் காண்பிப்பான். நான் காதருகே ஓயாமல் ரீங்கரிப்பதால் அண்ணி எனக்கு வைத்த பெயர் கொசு.

விளையாட்டின் பெயர் ‘பலகை’. ஓர் ஆறு, அதில் பலகைகள் மிதக்கும். ஆளுக்கு ஒரே ஒரு பலகை சொந்தம். வெள்ளம் ஏறுவதற்குள் பலகை பலகையாய்த் தாவி அக்கரை போய்ச் சேர வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கும் அரை நிமிடத்தில் புரியும். விசேஷம் அந்தச் சொந்தத்தில் இருக்கிறது. எந்தப் பலகை யாருடையது என்பது பிளாக்செயினில் பதிவாகிவிடும். ஆயிரம் கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி நகல் இருக்கும் பொதுப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதியதை எழுதிய நாங்களே அழிக்க முடியாது. நாளைக்கு எங்கள் கம்பெனியை ஊற்றி மூடினாலும் உங்கள் பலகை உங்களுடையதுதான். அதன்மேல் யார் யார் நடந்தார்கள் என்பதுகூட அதிலேயே இருக்கும். விளையாட்டின் விதிகளும் அங்கேதான் ஏறும், ஏற்றியபின் கல்லின்மேல் எழுத்து.

விதி இரண்டே வரி. உங்கள் பலகையில் நீங்கள் தாராளமாய் ஏறலாம். அடுத்தவர் பலகையில் ஏற வேண்டுமானால் அவர் தன் போனில் ‘சரி’ தட்ட வேண்டும். கேட்க எவ்வளவு அழகாய் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு முயற்சிகளும் பிணமாய்க் கிடந்தன. இது என்னுடையது என்று ஒரு பொருளைக் கையில் கொடுத்த மாத்திரத்தில் மனிதர்களுக்கு என்னதான் ஆகிறதோ, எல்லோரும் புதையல் காக்கும் பூதமாகிவிட்டார்கள். ஒவ்வொரு நடைக்கும் பலகை கொஞ்சம் தேயும் என்று வைத்தது என் அதிமேதாவித்தனம். எதிர் அறைப் பல் டாக்டர், “என்னுது புத்தம் புதுசா இருக்கு, அத எதுக்கு ஊரெல்லாம் மிதிக்கணும்?” என்று கேட்டுவிட்டு, தன் பலகையில் தானே நின்றுகொண்டு வெள்ளத்தில் மூழ்கினார். இருபத்து நான்கு பேர் விளையாடும் கட்டடத்தில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியைக் கேட்டு நான் கழிவறைக்குப் போய் அழுதிருக்கிறேன்.

மறுநாள் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, விளையாட்டுகளை வெளியிடும் ஒரு நிறுவனத்தின் தலைவி வந்து ஆடிப் பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்திருந்தால் எங்களை எடுத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால், வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் சம்பளமில்லா விடுப்பில் இருக்கும் அண்ணி, திங்கட்கிழமை காலை பழைய நாற்காலிக்குத் திரும்ப வேண்டும். கம்பெனி போனால் போகட்டும், தனியாய் உட்கார்ந்து ஈ ஓட்டவும் தயார். ஆனால் பக்கத்து மேசையில் அண்ணி இல்லாத திங்கட்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாஸ்டரை உட்காரச் சொல்லிவிட்டு அண்ணி தன் நிரலைத் திறந்து படித்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரையை என் பக்கம் திருப்பினாள்.

“தலைகீழா எழுதியிருக்கேன். சொந்தக்காரர்னா ஏற விடுன்னு எழுதறதுக்குப் பதிலா, சொந்தக்காரர்னா தள்ளி விடுன்னு எழுதியிருக்கேன்.”

“நாம ரெண்டு பேரும் இருபது தடவை டெஸ்ட் பண்ணோமே அண்ணி?”

“பண்ணோம். நீ எப்பவும் என் பலகையில ஏறுவே. நான் உன்னுதுல ஏறுவேன்.”

உண்மைதான். முதல் நாளிலிருந்தே அப்படித்தான் பழகியிருந்தோம். நான் ‘சரி’ தட்டுவேன், அவள் ஏறுவாள். அவள் தட்டுவாள், நான் ஏறுவேன். நடுவில் வீட்டுக் கதையெல்லாம் ஓடும். இரண்டே பேர் உள்ள கம்பெனியில், தன் பலகையில் தானே ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த மூன்றாவது முயற்சிக்காக அண்ணி நிரலை முதலிலிருந்து எழுத, திங்கட்கிழமை விதிகளைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டுக் கைதட்டிக்கொண்டோம். செவ்வாய்க்கிழமை கட்டடம் முழுக்கப் பலகைகளைக் கொடுத்து முடித்தோம். புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின்தான் ஆற்றைத் திறந்துவிட்டோம்.

“அப்ப இதச் சரி பண்ணிடுவீங்கல்ல?” என்றார் மாஸ்டர்.

“இத இனிமே தொடவே முடியாதுங்க. புதுசா இன்னொண்ணு எழுதி ஏத்தணும். உங்க எல்லாருக்கும் வேற பலகை கொடுக்கணும். காலைக்குள்ள பண்ணிடறேன்” என்றாள் அண்ணி. குரல் தட்டையாக இருந்தது. பதினோரு வருட வங்கி வேலையில் அவள் நிரலில் ஒரு பிழை வந்ததில்லை என்பது எங்கள் குடும்பத்துப் பெருமைகளில் ஒன்று.

அப்போது மாடிப்படியிலிருந்து ஒரு கத்தல். “மாஸ்டர், எங்க போய்த் தொலைஞ்சீங்க? நான் நடு ஆத்துல நிக்கறேன்.”

வெளியே ஓடினேன். பல் டாக்டர் ஒரு கையில் ரப்பர் கையுறையோடும் மறுகையில் போனோடும் படிக்கட்டு வளைவில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு, எங்கள் கட்டடத்திலேயே வேலை பார்க்கும் ஒரு நோயாளியும் எட்டிப் பார்த்தார்.

“உங்களுக்கு நான் ஏன் கொடுக்கணும் டாக்டர்? என்னுது தேஞ்சிடாதா?” என்றார் மாஸ்டர், என் தோளுக்குப் பின்னாலிருந்து.

“தேஞ்சா தேயட்டும்யா. வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க, உங்களாலயும் ஏற முடியாது. நீங்க ஒண்ணு கொடுங்க, நான் என்னுத கொடுக்கறேன்.”

மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். தட்டினார். டாக்டரின் உருவம் தாவியது. அதைப் பார்த்த தையல்கூடத்துப் பெண்கள் இரண்டு பேர் மேலேறி வந்து, “எங்களுக்கும் மாஸ்டர்” என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். லிப்ட் ரிப்பேர்காரர் கருவியைத் தரையில் போட்டுவிட்டு, நீலப் பலகை யாருடையது என்று மாடி மாடியாய்க் கேட்டுக்கொண்டு போனார். அது அந்தப் பஞ்சுவாய்க்காரருடையது என்று தெரிந்தபோது படிக்கட்டே சிரித்தது. பாவம், அவரால் பேச முடியவில்லை, விரலை ஆட்டி ஆட்டிப் பேரம் பேசினார். வெள்ளம் ஏறியபோது இருபத்து நான்கில் பத்தொன்பது பேர் அக்கரையில் இருந்தார்கள். முன்பெல்லாம் ஐந்து பேர் தாண்டினாலே அதிசயம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதித்தேன் என்று அப்புறம் சொன்னார்கள்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன். அண்ணி ஏற்கெனவே புதிய நிரலைத் திறந்திருந்தாள்.

“அண்ணி, அத மூடுங்க. இதுதான் விளையாட்டு. இப்படியே காட்டலாம்.”

“தப்ப விக்கச் சொல்றியா கொசு?”

“நல்லா இருக்கே அண்ணி. வெளிய கேக்கலையா உங்களுக்கு?”

“கேக்குது. நான் யோசிச்சு எழுதினது எதுவும் நல்லா இல்ல, கை தவறி எழுதினது நல்லா இருக்கு. அதானே?”

இதற்குப் பதில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் என் வாய் சும்மா இருக்காதே. “நான் யோசிச்சதும்தான் நல்லா இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து யோசிச்சு இருபத்து நாலு பேரை ஊமையாக்கினோம்” என்றேன். அண்ணி லேப்டாப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக் கிளம்பிவிட்டாள். அண்ணனுக்குப் போன் போட்டேன். “வந்துட்டா. கதவைச் சாத்திக்கிட்டு டைப் அடிக்கறா. என்னடி பண்ணித் தொலைச்சே?” என்றான். அவள் டைப் அடித்தால் அது புதிய நிரலாகத்தான் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை தலைவி பத்து ஐம்பதுக்கே வந்துவிட்டார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய, கறாரான பெண்மணி. வணக்கம் சொன்னார், தண்ணீர் வேண்டாம் என்றார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பின்னாலேயே அண்ணி நுழைந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தலைவியின் போனை வாங்கி, விளையாட்டை ஏற்றி, ஒரு பலகையை அவர் பெயரில் பதிந்து திருப்பிக் கொடுத்தாள். எந்த விளையாட்டு, பழையதா புதியதா என்று எனக்குத் தெரியவில்லை. தலைவியின் முன்னால் கேட்கவும் முடியாது.

தலைவி தன் பலகையைத் தேடிக் கண்டுபிடித்தார். எல்லோரும் செய்வதைத்தான் செய்தார், அதைத் தொட்டார்.

பலகை சாய்ந்தது. அவர் உருவம் தண்ணீரில் விழுந்தது.

“இது உடைஞ்சிருக்கா?” என்றார், நிமிராமல்.

“இல்லைங்க. அது உங்களுது. உங்களுதுல நீங்க ஏற முடியாது, மத்தவங்கதான் ஏறலாம். நீங்க மத்தவங்களதக் கேட்டு வாங்கணும்” என்றாள் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, “இத முதல்ல நான் தப்பா எழுதினேன். இவதான் சரின்னு சொன்னா. ராத்திரி முழுக்க புதுசா ஒண்ணு எழுதி, ரெண்டையும் மாத்தி மாத்தி ஆடிப் பார்த்தேன். இவ சொன்னதுதான் சரி” என்றாள்.

தலைவி போனையே பார்த்தார். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. பிறகு, “இந்தப் பச்சைப் பலகை யாரோடது?” என்று கேட்டார்.

“கீழ தையல்கூடத்துல, கட்டிங் மாஸ்டர்.”

“போன்ல கேட்டா கொடுப்பாரா?”

“நேர்ல கேட்டா சீக்கிரம் கொடுப்பார்” என்றேன்.

அவர் கைப்பையை நாற்காலியில் வைத்தார், எழுந்தார், வெளியே போனார். முதலில் நிதானமாய்த்தான் படியிறங்கினார். வளைவுக்கு அப்பால் காலடிச் சத்தம் வேகமெடுத்தது. “மாஸ்டர் யாருங்க? சீக்கிரம், தண்ணி ஏறுது” என்று அவர் குரல் கேட்டது. தொடர்ந்து டாக்டரின் குரல், யாரோ பெண்கள் சிரிக்கும் சத்தம். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். திங்கட்கிழமையைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவள் போன் திரையில் தலைவியின் உருவம் பச்சையில் நின்றது, நீலத்துக்குத் தாவியது, டாக்டருடையதையும் தாண்டி ஆற்றின் நடுவுக்கு வந்து நின்றது. அடுத்த பலகையின்மேல் அண்ணியின் பெயர்.

அண்ணி என் கையை விடாமலே இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடி, கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் குனிந்தாள்.

“மேல வாங்க, அடுத்தது என்னோடது.”

கீழே, இரண்டிரண்டு படியாய்த் தாவி, ஒரு நரைத்த தலை ஏறி வந்துகொண்டிருந்தது.