மாட்டிக்கிட்டேன்!

மன்னிப்புக் கேட்டால் வேலை மிஞ்சும், கேட்காவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். விஷயம் இவ்வளவுதான். நர்சிங் கல்லூரியில் நோய்த்தொற்றுத் தடுப்புப் பாடம் எடுக்கிறேன். அதே கல்லூரி அலுவலகத்தில்தான் என் அக்காவுக்கும் வேலை. என் மேல் நடக்கிற விசாரணைக்குக் குறிப்பெடுக்க அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே போகும் முன் என்னை வராந்தாவில் மடக்கினாள்.

"இனிமே கிளாஸ்ல விளையாட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுடீ. வாய் ஒண்ணும் தேஞ்சிடாது."

"தேஞ்சிடும்க்கா."

"உனக்கு வாய்தான்டி எதிரி!" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்படி என்ன பெரிய விளையாட்டு என்று கேட்பீர்கள். ஒரு பொடி இருக்கிறது. கையில் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் அதற்கென்று உள்ள ஊதா விளக்கை அடித்தால் பளிச்சென்று மின்னும். வகுப்பில் ஏதாவது ஒரு பொருளில் யாருக்கும் தெரியாமல் தடவி வைப்பேன். பாடம் முடிந்ததும் ஜன்னலைச் சாத்தி விளக்கை அடித்தால் ஒருத்தி மூக்கு, இன்னொருத்தி காது, பக்கத்தில் இருப்பவளின் ஜடை என்று எல்லாம் ஜொலிக்கும். கிருமி போகிற வழியும் அதுதான். மாட்டியவர்கள் கையைத் தூக்கி "மாட்டிக்கிட்டேன்!" என்று கத்த வேண்டும். கத்தினால் எல்லாரும் கைதட்டுவோம். மறைத்தால்தான் அவுட். நான் மாட்டுகிற நாளில் பிள்ளைகள் தட்டுகிற தட்டில் கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

வினை வார்டில் வந்தது. என் மாணவி ஒருத்தி, குரலே எழும்பாது, அதனால் வகுப்பில் அவளுக்கு 'மியாவ்' என்று பெயர். ஒரு பெரியவரின் ஆபரேஷன் காயத்துக்குக் கட்டு மாற்றப் போயிருக்கிறாள். அவளுடைய கிருமி நீக்கிய கையுறை கட்டில் கம்பியில் பட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. பூனைக்குட்டி மாதிரி இருந்த பெண் கையைத் தூக்கி, வார்டே திரும்பிப் பார்க்க, "மாட்டிக்கிட்டேன்!" என்று கத்தியிருக்கிறாள். உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கையைக் கழுவி, புது உறையோடு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அவர் மகன்தான் குதித்தார். "நர்சுக்குப் படிக்கிறாங்களா, கூத்தடிக்கிறாங்களா?"

அந்தப் புகார்தான் என்னைக் கூண்டில் ஏற்றியது.

உள்ளே பிரின்சிபாலும் இரண்டு மூத்த ஆசிரியைகளும் தேநீர்க் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் அக்கா.

"இது காலேஜா, குழந்தைங்க பார்க்கா?" என்றார் பிரின்சிபால்.

"அந்தப் பொண்ணு சும்மா இருந்திருந்தா யாருக்கு மேடம் தெரியும்?"

"தப்புப் பண்ணாம இருக்கக் கத்துக்குடுங்க. அதுக்குத்தான் சம்பளம்."

"தப்பே பண்ணாத நர்ஸ் யாரும் இல்ல மேடம். சொல்றவங்க இருக்காங்க, முழுங்கிடுறவங்க இருக்காங்க. நான் சொல்றவங்களை உருவாக்குறேன்."

மூத்த ஆசிரியைகளில் ஒருத்தர் உச்சுக் கொட்டினார். "நாங்கல்லாம் விளையாடியா படிச்சோம்? கைச் சுத்தம் எங்களுக்கு ரத்தத்துலயே ஊறிப்போச்சும்மா."

ஆஹா, இதற்காகத்தானே காத்திருந்தேன்! எழுந்து திரைகளை இழுத்துவிட்டேன். விளக்கை அணைத்தேன். "என்ன பண்றீங்க?" என்று பிரின்சிபால் கத்துவதற்குள் பையிலிருந்து ஊதா டார்ச்சை எடுத்து அடித்தேன். காலையிலேயே வந்து அந்த அறையின் கதவுப் பிடியில் பொடியைத் தாராளமாகத் தடவியிருந்தேன்.

பிரின்சிபாலின் மூக்கு நுனி மின்னியது. கண்ணாடிச் சட்டமும் கோப்பையின் விளிம்பும் மின்னின. ரத்தத்தில் ஊறியவருக்கு உதடே ஜொலித்தது. டார்ச்சை என் பக்கம் திருப்பினேன். என் தாடையிலும் ஒரு தீற்று.

"மாட்டிக்கிட்டேன்!" என்று கையைத் தூக்கினேன். ஒருத்தரும் கைதட்டவில்லை.

"மன்னிப்புக் கேக்கறீங்களா, இல்லையா?" பிரின்சிபால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மாட்டேன் மேடம். நாளைக்கும் விளையாடுவேன்."

"நாளைக்கு நீங்க வர வேண்டாம். இன்னையோட சரி." அக்கா பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க."

அக்கா எழுதவில்லை. டார்ச் வெளிச்சத்தில் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ, இவள் வேலைக்கும் உலை வைத்துவிட்டேனே என்றிருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மின்னுகிற கையை உயரத் தூக்கினாள்.

"மாட்டிக்கிட்டேன்!"

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. நான் ஒருத்தியே பத்துப் பேர் தட்டுகிற மாதிரி கைதட்டினேன்.

வெளியே வந்ததும் கைகழுவும் தொட்டியில் இருவரும் சோப்புப் போட்டுத் தேய்த்தோம். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"வேலை போச்சேடி."

"போச்சு. அடுத்த பீரியட் இருக்கு, அதுல ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் போவேன்."

"பொடி மிச்சம் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

குழாயை மூடி, கையை உதறினாள். "ஆடி முடிச்சிட்டு மிச்சத்தை என்கிட்ட குடுத்துட்டுப் போ. நாளையிலேர்ந்து அந்தக் கதவுக்கு நான் தடவுறேன்."