சகலை வண்டியின் பம்ப்

சகலை என்னை மேட்டில் முந்திக்கொண்டு போன அன்று எனக்குக் காய்ச்சல் வந்தது. மனைவி நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, உடம்பு சுடவில்லையே என்றாள். சுட்டது உடம்பு இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நானும் அவனும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒரு கம்பெனி தன் பழைய லாரிகளை விற்றபோது ஒரே நாளில் ஆளுக்கொன்று வாங்கினோம். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே பச்சை நிறம். மூத்த மருமகன் என்ற உரிமையில் நான்தான் முதலில் தேர்ந்தெடுத்தேன். டயரைத் தட்டி, வண்டிக்கு அடியில் படுத்து, அரை நாள் பார்த்து எடுத்தேன். மிச்சமிருந்ததை அவன் சாவியை வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். இரண்டு வருடம் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஓடின. குவாரியில் ஜல்லி ஏற்றி, ஏழு கிலோமீட்டர் மேடு ஏறி, அந்தப் பக்கம் இருக்கும் கான்கிரீட் ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்புவோம். மேட்டின் பாதியில் இரண்டுக்கும் மூச்சு வாங்கும். அவன் வண்டிக்கும் வாங்கியதால் எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பிறகு அவன் லிஃப்ட் பம்பை மாற்றினான். டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சி, இன்ஜினில் இருக்கும் பெரிய பம்புக்குத் தள்ளிவிடுகிற சின்னப் பம்ப் அது. அது தேய்ந்துபோனால் பாரத்தோடு மேடு ஏறும்போது டீசல் பற்றாமல் வண்டி துவண்டுவிடும். அவன் எங்கேயோ துறைமுகம் பக்கம் போய், கரண்டில் ஓடுகிற பெரிய பம்ப் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான். மறுநாள் மேட்டில் நான் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டிருக்க, பக்கத்தில் விர்ரென்று ஒரு சத்தம். திரும்பினால் அவன். கையை வேறு ஆட்டினான்!

ஆலை வாட்ச்மேன் அன்றைக்கே அவனுக்கு ராக்கெட் என்று பெயர் வைத்துவிட்டார். எனக்கும் ஒன்று வைத்தார். "ராக்கெட்டு வந்து போயாச்சு, நம்ம கட்டை வண்டியத்தான் இன்னும் காணோம்" என்று என் காதில் விழும்படியே சொல்வார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆலை மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து ஒரு லாரிக்குத்தான் நிரந்தர வேலை என்றார். நாலு மணிக்குக் கேட் மூடுவதற்குள் தினமும் இரண்டு நடை அடிக்கிறவருக்கு ஒரு வருடம். மற்றவர் கூப்பிட்டால் வந்தால் போதும். சகலை இரண்டு நடையும் முடித்து மூன்றரை மணிக்கெல்லாம் வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பான். நான் இரண்டாம் நடை ஜல்லியோடு மூடிய கேட்டுக்கு வெளியே நிற்பேன்.

வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு. "தங்கச்சி வீட்டுக்காரரு நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடறாராம். காய்கறிகூட அவருதான் வாங்கிட்டு வர்றாராம்" என்றாள் மனைவி. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை குவாரி வரிசையில் நின்றபோது, அவன் இன்ஜின் ஆயில் அளக்கிற குச்சியை உருவிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணே, இங்க பாருங்க. பம்பு மாத்தினதுலேருந்து இன்ஜின் ஒரு சொட்டு ஆயில் குடிக்கல. குறையறதுக்குப் பதிலா மேல் கோட்டையும் தாண்டி நிக்குது!"

"கொடுத்து வச்சவன்டா நீ" என்றேன். என் வண்டி வாரம் அரை லிட்டர் ஆயில் குடிக்கும். அரை நாள் படுத்துப் பார்த்து எடுத்த வண்டி!

மறுநாள் ஒரு நடையை விட்டுவிட்டுப் பம்ப் அக்கா கடைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் டீசல் பம்பைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். முழங்கைவரை கிரீஸ், காதில் ஒரு பென்சில். வாயைத் திறந்தால் கடிக்க வருவது போலத்தான் இருக்கும்.

"அக்கா, என் வண்டிக்கு ஒரு லிஃப்ட் பம்பு வேணும். இருக்கறதுலயே பெரிசு."

"எவ்வளவு பெரிசு?"

"என் சகலை போட்டிருக்கறதவிடப் பெரிசு."

"சகலைக்குப் பம்பு போடணும்னா சகலையக் கூட்டிட்டு வா. வண்டிக்குப் போடணும்னா வண்டியப் பத்திச் சொல்லு."

சொன்னேன். மூன்று பம்புகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று வண்டியோடு வந்த அதே ரகம். ஒன்று உள்ளங்கை அகலத்துக்குக் கரண்டில் ஓடுவது. மூன்றாவது சொம்பு மாதிரி பளபளவென்று இருந்தது. எனக்கு அதன் மேலேதான் கண். சகலை வண்டியில் பார்த்த அதே சொம்பு.

அக்கா அதை மேஜையில் மாட்டி ஓடவிட்டார். அழுத்தம் காட்டுகிற முள் துள்ளிக்கொண்டு முப்பதுக்குப் போனது.

"பாத்தியா? உன் இன்ஜின்ல இருக்கற பெரிய பம்புக்குப் பன்னெண்டு போதும். பதினஞ்சுக்கு மேல தாங்காது. அதுக்குப் பின்னால ஒரு ரப்பர் சீல் இருக்கு. இந்த வேகத்துல டீசலத் தள்ளினா சீல் விட்டுடும். டீசல் இன்ஜினுக்குள்ள இறங்கி ஆயில்ல கலந்துடும். வெளிய ஒரு சொட்டு ஒழுகாது. ஆயில் குறையாது, ஏறும். ஓட்டறவனுக்கு ஒரே சந்தோஷம், வண்டி ஆயிலே குடிக்கலன்னு. உள்ள ஆயில் தண்ணியாகி பேரிங்கத் தின்னுக்கிட்டு இருக்கும். ஒரு நாள் நடு மேட்டுல, முழுப் பாரத்தோட, இன்ஜின் சுத்தாம அப்படியே பிடிச்சிக்கும். ஸ்டியரிங் கல்லாயிடும். பிரேக்குக்குக் காத்தும் ஏறாது. அப்புறம் வண்டி எந்தப் பக்கம் உருளும்னு அதுக்குத்தான் தெரியும்."

அக்கா பம்பை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்காவது அப்படி ஓடுதா? ஓடினா உடனே நிறுத்தச் சொல்லு."

"இல்லக்கா. சும்மா கேட்டேன்."

"நடு சைஸ எடுத்துக்கோ. உனக்கு அது போதும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வெளியே வந்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு எதற்குப் பம்ப்? கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால் போதும், ராக்கெட் தானாக விழும், ஒரு வருட வேலை என் மடியில் வந்து விழும். பொய் சொல்வானேன், வீடு வரும்வரை விசிலடித்துக்கொண்டே வந்தேன். மேட்டில் அவன் உருண்டுவிடுவானே என்ற நினைப்பும் வந்தது. அவன் கெட்டிக்காரன், எப்படியாவது தப்பித்துக்கொள்வான் என்று அதை ஓரமாகத் தள்ளினேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவன் என்னை முந்தும்போது நானே கையை ஆட்டினேன். சனிக்கிழமை நான் வழக்கம்போல மூடிய கேட்டுக்கு வெளியே நின்றபோது அவன் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, மேனேஜர்கிட்ட பேசியிருக்கேன். ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுங்கன்னு. பாக்கலாம்னு சொல்லியிருக்காரு."

அவன் நல்லவனாக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்து தொலைத்தால் என்ன? ஆயில் விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது தெருவில் அந்த விர்ரென்ற சத்தம் கேட்டது. மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு பையோடு நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"அப்பாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆச்சில்ல, பாத்துட்டு வரோம். தங்கச்சி வீட்டுக்காரரு மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லோடு இறக்கணுமாம். நானும் தங்கச்சியும் அதுலயே போயிடறோம்."

"நான் கூட்டிட்டுப் போக மாட்டேனா?"

"உங்க வண்டியில போனா அப்பாவுக்கு அடுத்த கண்ணும் ஆபரேஷன் ஆயிடும்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

முதலில் சுருக்கென்று கோபம்தான் வந்தது. என் மனைவி, அவன் வண்டியில், அவன் வேகத்தை மெச்சிக்கொண்டு! அதற்குப் பிறகுதான் மேடு நினைவுக்கு வந்தது. முழுப் பாரம். நடு மேடு. கத்தியைப் போட்டுவிட்டு, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடினேன். லாரி நகரத் தொடங்கியிருந்தது. முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"இறங்கு! இறங்கு கீழ!"

எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மனைவியின் முகம் சிவந்துவிட்டது.

"என்னங்க இது அசிங்கம்? தம்பி மாதிரி இருக்கறவரு கூடப் போறதுக்கா இப்படி நிக்கறீங்க?"

"மாமா, நானும்தான் உள்ள இருக்கேன்" என்றாள் கொழுந்தியாள், அழாத குறையாக. என் பொறாமை எல்லோருக்கும் அவ்வளவு பழகிப்போயிருந்தது. வேறு எதையும் அவர்களுக்கு நினைக்கத் தோன்றவில்லை.

"வண்டிய அணைடா. ஆயில் குச்சிய எடு" என்றேன்.

சகலை குழம்பிப்போய் இறங்கி உருவினான். மேல் கோட்டுக்கு மேலே இன்னும் இரண்டு விரல் ஏறியிருந்தது. ஒரு சொட்டைப் பழைய பேப்பரின் ஓரத்தில் விட்டேன். நடுவில் கறுப்பு நின்றது. அதைச் சுற்றி ஈரவட்டம் ஒன்று விறுவிறுவென்று பரவிக்கொண்டே போனது. குச்சியை அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"மோந்து பாரு."

மோந்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. "டீசலு" என்றான்.

பம்ப் அக்கா சொன்னது அத்தனையும் சொன்னேன். சீல், பேரிங், மேட்டில் பிடித்துக்கொள்வது, பிரேக். சொல்லச்சொல்ல கொழுந்தியாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சகலை என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அண்ணே, இன்னைக்கு நீங்க இல்லன்னா நாங்க மூணு பேரும்..." என்றான்.

மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. நுரையைத் துடைத்துக்கொண்டேன். அப்போது அவள் கேட்டாள், பேச்சோடு பேச்சாக:

"பம்ப் அக்கா எப்பங்க சொன்னாங்க?"

இப்பத்தான் போனில் சொன்னாங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சகலை இன்னும் என் கையை விடவில்லை.

"புதன்கிழமை" என்றேன்.

அவன் கை மெதுவாக விலகியது. அவன் குச்சியைத் துடைத்து உள்ளே சொருகினான்.

"அந்தக்கா போன் நம்பர் குடுங்க" என்றான். வழக்கமாகக் கூட வரும் 'அண்ணே' என்ற வார்த்தை வரவில்லை.

நம்பரைக் கொடுத்தேன். அவன் வண்டியோடு தெருவிலேயே நின்றுவிட்டான். பெண்கள் இருவரும் என் லாரியில் ஏறினார்கள். மாமனார் அங்கே காத்துக்கொண்டிருப்பாரே. பின்னால் பாரம் இல்லாததால் வண்டி மேட்டில் தாராளமாகவே ஏறியது. பாதி மேடு தாண்டியதும், சாலையைப் பார்த்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"நான் அந்த வண்டியில ஏறலன்னா சொல்லியிருப்பீங்களா?"

கொழுந்தியாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கியரைக் குறைத்தேன். குறைக்க வேண்டிய அவசியமே அங்கு இல்லை.