ஏழாம் தெருவில் உட்கார்ந்த கரப்பான்கள்

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பூச்சி மருந்துக் கடைச் சுவரில் மாட்டியிருந்த ஊர் வரைபடத்தின் ஏழாம் தெருவில் பதினோரு கரப்பான் பூச்சிகள் வந்து உட்கார்ந்தன. நிஜமான ஏழாம் தெருவிலும் அன்று பதினோரு வீடுகளில் கரப்பான் இருந்தது. வெங்காயம் விலை குறைந்திருந்தது.

வரைபடம் கடைக்கென்றே செய்தது. அதை வரைந்தவள் ஒரு மாதம் நடையாய் நடந்து, சாக்கடை, சமையலறை ஜன்னல் ஒன்றுவிடாமல் குறித்துக் கொடுத்திருந்தாள். கடைக்காரர் தினமும் பூச்சிகள் உட்கார்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு, கூப்பிடுவதற்கு முன்பே அந்த வீட்டு வாசலில் மருந்துடன் நின்றார். இரண்டே வருடத்தில் கடை மூன்று மடங்காகப் பெருத்தது. அவரும் பெருத்தார். கல்லாவில் இருந்த மனைவிக்குத்தான் அந்தச் சுவரைப் பார்க்கப் பார்க்கச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினேழாம் தெரு மட்டும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. அது அவர் கண்ணை உறுத்தியது. எங்காவது பூச்சி இருக்கிறதா என்று பார்க்க அட்டையில் சர்க்கரைப் பாகு தடவி வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தில் வரைபடத்தின் பதினேழாம் தெரு முழுக்கப் பாகைத் தடவினார்.

"என் தங்கச்சி இருக்கற தெருங்க அது. கைக்குழந்தை இருக்கு" என்றாள் மனைவி.

"உன் தங்கச்சிக்குப் பாதி விலைக்கு அடிச்சுக் குடுத்துடறேன், விடு."

மறுநாள் தங்கை குழந்தையின் காதிலிருந்து உயிரோடு ஒரு கரப்பானை மருத்துவர் இடுக்கியால் இழுத்து எடுத்தார். குழந்தைக்கு அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. சகலை வீட்டுக்கு இவர் போனது குழந்தையைப் பார்க்க அல்ல, கையில் மருந்து டப்பா இருந்தது. கதவைத் திறந்த மச்சினி அவர் முகத்தில் காறித் துப்பினாள்.

மனைவி ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடு கடைக்குப் போய் வரைபடத்தைத் தேய்த்துக் கழுவினாள். அன்று மாலைக்குள் ஊரில் ஒரு கரப்பான்கூட இல்லை. வரைபடத்தில் மட்டும் ஒன்று மிஞ்சியது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. கணவர் டீக்கடைக்குப் போனபோது அதுவும் வரைபடத்தின் டீக்கடைக்கு நகர்ந்தது. அவர் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தபோது அதுவும் உட்கார்ந்தது.

விஷயம் பரவி, வரைந்தவளிடம் ஆளாளுக்குப் பிரதி வாங்கினார்கள். எல்லாப் பிரதியிலும் அதே பூச்சி ஊர்ந்தது. தையல்காரரும் ரொட்டிக் கடைக்காரரும் அது தங்கள் தெருவில் திரும்புவதைப் பார்த்தால் ஷட்டரை இறக்கினார்கள். பதினான்கு வருடமாக இப்படித்தான் நடக்கிறது, யாரும் இப்போது அதைப் பேசுவதுகூட இல்லை.

மனைவி ஒரு பிரதியைச் சமையலறையில் மாட்டியிருக்கிறாள். மதியம் அது தன் வீட்டை நெருங்கும்போது தட்டில் சாப்பாடு போட்டு வெளிப்படியில் வைத்துவிட்டு, உள்ளே வந்து தாழ்ப்பாள் போடுகிறாள்.