லோஷினிக்கு அழ வரவில்லை

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை, என்னிடம் கேட்டு வாங்குகிறார்கள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் மாணவர்களுக்காக ஒரு நலச் சங்கம் இருக்கிறது. அதன் செயலாளர் திவாகரன் தொகுப்பு நூல் ஒன்று போடுகிறார். தங்காக்கில் துணிக்கடை நடத்திக்கொண்டு சிறுகதையும் எழுதுகிற என்னைப் போன்றவர்களைத்தான் இவர்கள் இதற்கெல்லாம் தேடி வருவார்கள். தொலைபேசியில் அவர் போட்ட நிபந்தனை இது:

"கதை மனச்சோர்வு பத்தி இருக்கணும்க்கா. ஆனா படிக்கிறவங்களுக்குச் சோர்வு வந்துடக் கூடாது. கடைசியில பொண்ணு பட்டம் வாங்கிடணும். அட்டைக்குப் படம்கூட ரெடி."

சரி என்றேன். சேவை மனப்பான்மை எல்லாம் இல்லை. அப்படி ஒரு பெண்ணை எனக்குத் தெரியும், இந்த அட்டைப்படக்காரர்களுக்குத் தெரியாது என்ற அகம்பாவம்தான். பெயரை மாற்றி எழுத அவள் சம்மதித்தாள். "யாழினி, கயல்விழின்னு மட்டும் வச்சிராதீங்க. எங்க கிளாஸ்ல அப்படி யாருமே இல்ல" என்றாள். லோஷினி என்ற பெயர் அவளே தேர்ந்தெடுத்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

*ஸ்கூடாயில் அன்று மழை பெய்துகொண்டிருந்தது. அவள் மனதிலும்*

(அடித்துவிட்டேன். ஸ்கூடாயில் பாதி நாள் மழைதான். மற்றவர்கள் குடையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள்.)

இரண்டாம் முயற்சி:

*இருண்ட அறை. மூடிய சன்னல். ஒரு மூலையில் அவள்*

(இதையும் அடித்துவிட்டேன். துயரத்தை இருட்டில் உட்கார வைப்பது எங்கள் தொழிலின் சோம்பேறித்தனம். லோஷினியின் அறையில் பகலிலும் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுந்து அணைக்க முடியாததால் அது எரிந்தது.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். லோஷினிக்குச் சொந்த ஊர் சாஆ. அப்பா விஜயன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அம்மா புஷ்பவள்ளிக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை. பள்ளித் தேர்வில் லோஷினி நன்றாகச் செய்தபோது தமிழ்ப் பத்திரிகையில் படம் வந்தது. பத்திரிகைக்காரர்கள் அதோடு மறந்துவிட்டார்கள். சாஆ மறக்கவில்லை. மளிகைக் கடையில் அவளை "இஞ்சினியர்" என்றே கூப்பிட்டார்கள்.

ஸ்கூடாயில் பல்கலைக்கழகம், இரசாயனப் பொறியியல். முதல் ஆண்டு ஓடிவிட்டது. இரண்டாம் ஆண்டில் வெப்ப இயக்கவியலில் தோற்றாள். மறுபடி எடுத்தாள், மறுபடியும் தோற்றாள். பாடம் புரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தாளாம். பிறகு சாப்பாட்டுக் கடையின் விலைப்பலகையே புரியாமல் போனது. ஒரே வரியை நான்கைந்து தடவை படித்துவிட்டு, பசி இல்லை என்று திரும்பி வந்துவிடுவாள்.

அவளுடைய அறைத்தோழி மலர். காலையில் மலர் கிளம்பும்போது லோஷினி குளித்து, உடுத்தி, காலணியும் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். "வரியா?" என்றால் "நீ போ, பின்னாடியே வரேன்" என்பாள். மதியம் மலர் திரும்பி வரும்போது அதே காலணியோடு அதே இடத்தில் இருப்பாள்.

பல்கலைக்கழகம் அவளை நிபந்தனை நிலையில் வைத்தது. அடுத்த பருவமும் சறுக்கினால் வெளியேற்றம்.

3

(இந்தப் பகுதியில் மனச்சோர்வு என்றால் என்ன என்று மருத்துவத் தகவல்களோடு விளக்கியிருந்தேன். அதைத் திவாகரனுக்கு மிகவும் பிடித்திருந்தது. எடுத்துவிட்டேன்.)

4

நான் அவளை முதலில் பார்த்தது மாணவர்களுக்கு ஊக்கமூட்டும் ஒரு தன்முனைப்பு விழாவில். தமிழ் மாணவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் என்றால் மேசை, நாற்காலி, ஒலிபெருக்கி போட்டுவிடுவோம். அன்றைய பேச்சாளர் கனகராஜ். கோட்டு சூட்டு, காதோடு ஒட்டிய ஒலிவாங்கி. கவிதைப் போட்டிக்குப் பரிசு கொடுக்க என்னையும் மேடையில் உட்கார வைத்திருந்தார்கள்.

கனகராஜ் விளக்குகளை மங்கச் செய்தார். சோக இசை கிளம்பியது. எல்லாரையும் கண்ணை மூடி அம்மாவின் கைகளை நினைக்கச் சொன்னார். அந்தக் கையில் இருக்கும் தழும்புக்கு உங்கள் மதிப்பெண் பதில் சொல்லுமா என்று கேட்டார். மண்டபம் விம்ம ஆரம்பித்தது. தொண்டர்கள் மெல்லிழைத்தாள் பெட்டிகளோடு வரிசைக்கு வரிசை ஓடினார்கள். பெட்டிகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்கவும்.

இரண்டாம் வரிசையில் மலர் இழுத்துக்கொண்டு வந்த லோஷினி, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். கனகராஜுக்கு அது பொறுக்கவில்லை. கீழே இறங்கி வந்து, ஒரு தொண்டரிடமிருந்து இன்னொரு ஒலிவாங்கியை வாங்கி நீட்டினார்.

"தங்கச்சி, பெத்த தாய்க்காக ஒரு சொட்டு கண்ணீர்கூடவா இல்ல?"

"எனக்கு அழ வரல சார்," என்றாள் லோஷினி. "ரொம்ப நாளா வரல."

அவள் தன் நோயைச் சொன்னாள். அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அவரோ கூட்டத்தைப் பார்த்து, இதுதான் இன்றைய தலைமுறையின் கல்மனம் என்றார். கைதட்டினார்கள். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். கவிதைப் பரிசுகளை விட்டுவிட்டு நானும் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவினேன். கார் நிறுத்துமிடத்தின் விளிம்புக்கல்லில் உட்கார்ந்திருந்தாள். விடுதிவரை காரில் கொண்டுபோய் விட்டேன்.

(முதல் வரைவில், அந்தக் காரில் நான் அவளுக்கு அருமையான நான்கு வாக்கியங்கள் சொல்கிறேன். வரைவைப் படித்துவிட்டு லோஷினி செய்தி அனுப்பினாள்: "அக்கா, நீங்க அன்னிக்கு ஒண்ணுமே சொல்லல. அதனாலதான் நம்பர் குடுத்தேன்." நான்கும் போயின.)

5

யாரோ அந்தக் காட்சியைப் படம் பிடித்துப் பரப்பினார்கள். தாயை மதிக்காத மாணவி என்று தலைப்பு. சாஆவுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாளே புஷ்பவள்ளி பேருந்து ஏறி வந்தார், ஒரு டப்பா நெத்திலிச் சம்பலோடும் கோயில் கறுப்புக் கயிற்றோடும்.

இங்கே தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழவேண்டும். வாசகர்கள் நீங்களும் காத்திருப்பீர்கள். புஷ்பவள்ளி மகள் மணிக்கட்டில் கயிற்றைக் கட்டிவிட்டுச் சொன்னது இது:

"படிப்ப முடிச்சிரும்மா. முடிச்சிட்டு எவ்வளவு சோகமா வேணாலும் இரு. யாரு கேக்கப் போறா?"

டாக்டரிடம் போகலாமா என்று மலர் கேட்டதற்கு, அங்கே போனால் பதிந்து வைத்துக்கொள்வார்கள், நாளைக்கு வேலை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அது முன்னால் வந்து நிற்கும் என்று மறுத்துவிட்டார். இந்தப் பெண்மணியை வெறுத்து ஒரு பக்கம் எழுதினேன். நன்றாக வரவில்லை. அவர் சொன்னதை நாம் எல்லாரும்தான் சொல்கிறோம், என்ன, கோட்டு மாட்டிக்கொண்டு சொல்கிறோம்.

அம்மா போன பிறகு லோஷினி சாப்பிடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். ஒரு மத்தியானம் மலரிடம், இப்படியே தூங்கி எழுந்திருக்காமலே இருந்தால் எல்லாருக்கும் வசதி என்றாள். கடையில் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், கட்டித்தரச் சொல்லும் குரலில் சொன்னாளாம். மலர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தன் இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் மாட்டி, வார்ப்பட்டையையும் தானே பூட்டி, மோட்டாரில் ஏற்றி அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள்.

6

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. என்ன செய்கிறது என்று கேட்டார். லோஷினி மலாயில், "சாயா பெனாட், டாக்டர்" என்றாள். களைத்துவிட்டேன் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை அதில். சொன்னதும், பல மாதங்களுக்குப் பிறகு, அழுதாள்.

தமிழ்க் கதைக்கு இது அவமானம். கதையின் மையத்தில் இருக்கும் ஒரே வாக்கியம் மலாயில் இருக்கிறது. ஏன் தமிழில் வரவில்லை என்று பிறகு கேட்டேன். தமிழில் சொன்னால் உடனே அம்மா ஞாபகம் வந்துவிடும், அம்மாவிடம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்றாள். மனச்சோர்வு என்று ஒரு சொல் இருக்கிறதே என்றேன். "அது பேப்பர்ல வர்ற வார்த்தை லா" என்றாள். வீட்டில் அதற்குச் சோம்பேறித்தனம், திமிர், கண்ணேறு என்று மூன்று பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

மாத்திரை கொடுத்தார்கள். சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஒரு பருவம் படிப்பை ஒத்திவைக்க அவளே விண்ணப்பித்தாள், வீட்டில் கேட்காமல். அனுமதி கிடைத்த பிறகுதான் சொன்னாள். புஷ்பவள்ளி தொலைபேசியை வைத்துவிட்டார்.

7

சாஆ திரும்பிய முதல் சில வாரங்கள் யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை. மளிகைக் கடைக்குப் போவதை அவளும் விட்டாள். ஒரு காலை அப்பா, துணைக்கு வா என்று லாரியில் ஏற்றிக்கொண்டார். செம்பனை ஆலை வாசலில் வரிசை நீளம். அவள் தூங்கிப்போனாள். விழித்தபோது குலைகள் இறக்கியாகிவிட்டது, லாரி ஆலைக்கு வெளியே ஒரு மர நிழலில் நின்றது. அவளை எழுப்பாமல் அப்பா கீழே நின்றுகொண்டிருந்தார்.

இதைக் கேட்டு நான் உருகி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவள் படித்துவிட்டு, "அக்கா, லாரிக்குள்ள சரியான சூடு. கழுத்து வலி. அவ்வளவுதான்" என்றாள். வெட்டிவிட்டேன். மறுநாளும் அவள் லாரியில் போனாள் என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மாத்திரை ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றினார்கள். சில நாட்கள் நன்றாக இருந்தன. சில நாட்கள் பழையபடி. பருவம் திறந்ததும் ஸ்கூடாய் திரும்பினாள். குறைவான பாடங்கள்தான். அதில் வெப்ப இயக்கவியலும் உண்டு. போன வாரம் தேர்வு முடிந்து என்னை அழைத்தாள்.

"எழுதிட்டேன்க்கா."

"எப்படி?"

"கேக்காதீங்க."

8

தேர்வு முடிவு வரும்வரை அச்சகம் காத்திருக்காது. திவாகரன் அவசரப்படுத்துகிறார். பாஸ் என்று போடுங்கள், கதைதானே என்கிறார்.

போடலாம். *பட்டமளிப்பு மண்டபத்தில் லோஷினியின் பெயர் ஒலித்தபோது புஷ்பவள்ளியின் கண்கள்* (வேண்டாம்.)

அவளைக் கொன்றும் முடிக்கலாம். சிறுகதைப் போட்டி நடுவர்களுக்கு அது பிடிக்கும். செத்த பெண்ணை ஆழமானவள் என்பார்கள். உயிரோடு அரியர் வைத்திருப்பவளை யாரும் அப்படிச் சொல்வதில்லை. (இந்த முடிவை எழுதிப்பார்க்கவும் மறுத்தேன்.)

முடிவை என்ன செய்வது என்று அவளையே கேட்டேன். எனக்கே தெரியாததை நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்றாள். அது நியாயம். எனவே இங்கே நிறுத்துகிறேன்:

*முடிவு வெளியான அன்று லோஷினி*

மிச்சம் உங்களுடையது. பாஸ் என்றுதான் போடப்போகிறீர்கள். நல்லவர்கள் நீங்கள், போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒருமுறை பெயில் என்றும் போட்டுப் பாருங்கள். அந்தச் சாயங்காலம் அவள் எங்கே போகிறாள், யாரை அழைக்கிறாள், என்ன வாங்கிச் சாப்பிடுகிறாள் என்று எழுதிப் பாருங்கள். மறுநாள் காலையும் அவள் இருக்கவேண்டும். அப்படி ஒரு பக்கம் உங்களால் எழுத முடியாவிட்டால், அவளிடம் எதுவும் சொல்லாதீர்கள்.