நாலு பாக்ஸின் பாரம்

செங்கல்பட்டில் ஷஃபானாவின் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் குழந்தைகள் கிளினிக். ஸ்பீக்கரை மாட்டி முழுச் சத்தத்தில் சோதிக்க வழியே இல்லை. ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் மாட்ட டம்மி லோடு ஒன்று தேவைப்பட்டது. ஆம்ப்ளிஃபயர் தரும் மின்சாரத்தை வாங்கி, சத்தமில்லாமல் வெப்பமாக மாற்றிவிடும் சாதனம் அது.

கார் ஹெட்லைட் பல்புகளே போதும், விலையும் குறைவு என்றான் கணவன் அப்பாஸ். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பல்பின் மின்தடை ஆறியிருக்கும்போது ஒன்று, எரியும்போது பல மடங்கு. மாறிக்கொண்டே இருப்பதை நம்பி யாருடைய செட்டுக்கும் அவளால் உறுதி சொல்ல முடியாது. எட்டு ஓம், இருநூறு வாட் ரெசிஸ்டர்கள் நாலு வாங்கினாள். கனமான அலுமினியத் தகட்டில் அவற்றை முடுக்கி, பக்கத்தில் ஒரு ஃபேனையும் வைத்தாள். ஒவ்வொன்றும் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸுக்குச் சமம்.

அந்த வாரமே ஜம்புலிங்கம் வந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் மைக் செட் வாடகைக்கு விடுபவர். அக்கா மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் அவர் செட் நின்றுபோனது. போன ஞாயிறு கபடி அரையிறுதியிலும் அதே கதை. இரண்டு மெக்கானிக்குகள் டிரான்சிஸ்டர் மாற்றியும் பயனில்லை. இறுதி ஆட்டத்துக்கு வெளியூர் செட்டைக் கூப்பிடப் போகிறார்கள் என்று சொன்னபோது அவர் குரல் இறங்கியது.

எத்தனை பாக்ஸ் என்று கேட்டாள். இரண்டு என்றார். இரண்டு ரெசிஸ்டர்களை இணையாக மாட்டி, நாலு ஓமில் ஒரு மணி நேரம் முழு பவரில் ஓட விட்டாள். ஆம்ப்ளிஃபயர் ஒரு முறைகூட நிற்கவில்லை.

"சத்தமே இல்லியேம்மா. ஓடிகினு கீதுன்னு எப்படி நம்பறது?"

அவள் மீட்டரைக் காட்டினாள். தகட்டின் அருகே கையை நீட்டச் சொன்னாள். அனல் பட்டதும் அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"செட்டுல கோளாறு இல்லண்ணே. விசேஷத்துக்கு எத்தனை பாக்ஸ் போட்டீங்க, அதைச் சொல்லுங்க."

அவர் கொஞ்சம் தயங்கினார். கூட்டம் அதிகமாக இருந்ததால் மச்சானுடைய பாக்ஸ் இரண்டையும் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார்.

ஷஃபானா மிச்ச இரண்டு ரெசிஸ்டர்களையும் இணையாகச் சேர்த்தாள். இப்போது இரண்டு ஓம்தான்; ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயரின் மேல் பாரம் கூடும். பன்னிரண்டாவது நிமிடம் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்து, செட் நின்றது. ஜம்புலிங்கம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ தப்பு என்னுதா?"

"ஒயர் போட்ட விதந்தான் தப்பு. இந்த செட்டு நாலு ஓமுக்குக் கீழ தாங்காது."

இரண்டிரண்டு பாக்ஸைத் தொடராகக் கோத்து, அந்த இரு ஜோடிகளை இணையாக மாட்டும் விதத்தைக் காகிதத்தில் வரைந்து தந்தாள். அப்போது எட்டு ஓம் ஆகிவிடும், சத்தம் சற்றுக் குறையும், ஆனால் செட் நிற்காது என்றாள். ரெசிஸ்டர்களை அதே விதமாக மாற்றி, இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினாள். அதற்கப்புறம்தான் அவர் டீ குடிக்கச் சம்மதித்தார்.

அன்று மாலையே அவர் குப்பத்துப் பெரியவர்களிடம் போய், செட் நின்றால் இனி இந்தத் தொழிலே செய்வதில்லை என்று சொல்லி, இறுதி ஆட்டத்துக்கு மைக் செட் போடும் வேலையை வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஷஃபானாவும் அப்பாஸும் போயிருந்தார்கள். மூன்று மணி நேரம் வர்ணனை ஒரு முறைகூட அறுபடவில்லை. ஜம்புலிங்கம் செட் வைத்திருந்த மேடைப் பக்கமே வரவில்லை. ஆட்டக்களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செய்யூரிலிருந்து போனில் கேட்டவருக்கு அடுத்த மாதக் கல்யாணத்துக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்.