மயில் விரட்டப் பழக்கிய நாய்

யோனா மறுபடியும் எதிர்ப்பக்கம் ஓடினான். மயில்பீலிக் கட்டைக் கயிற்றில் கட்டி, அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த வயலில், இந்த அறுபத்திரண்டு வயதில் நான் மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். அவனோ வாய்க்கால் மதகில் ஏறி நின்று, சைக்கிளில் போகிற ஆளை வேடிக்கை பார்க்கிறான். வேட்டைக்குப் பேர்போன சிப்பிப்பாறை நாயாம். பைபிளில் ஆண்டவர் போகச் சொன்ன ஊரை விட்டுவிட்டு வேறு திசையில் ஓடியவர் பெயரைத்தானே இவனுக்கு வைக்க முடியும்? "நாய்க்குப் போயி தீர்க்கதரிசி பேரா வைக்குதிய?" என்று கேட்ட என் மனைவி பிரிஸில்லா, அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன இரண்டு போகத்தையும் மயில்கள் தின்று தீர்த்தன. அடித்தால் வழக்கு, பிடித்தால் ஜெயில். விரட்டலாம், அவ்வளவுதான். இந்தக் கார் பருவ நெல் சாகுபடியும் போனால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓசூரில் மகன் ஹெப்ரான் வீட்டோடு போய்விடுவதாக பிரிஸில்லாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். மூன்றாவது மாடி. அங்கே போய் நான் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்? அதனால்தான் வயல் சும்மா கிடக்கிற பங்குனியிலேயே ஆரம்பித்தேன். பீலி வாங்கத் திருச்செந்தூர் கோயில் வாசலுக்கே போனேன். நான் பேரம் பேசுவதை எங்கள் சர்ச் சபையார் யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

இரண்டு மாதம் என் உயிரை வாங்கிய பிறகு, ஒரு நாள் திடீரென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பீலி எங்கே அசைந்தாலும் அம்பு மாதிரி பாய்ந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வைகாசி விசாகம் வருவதை மட்டும் நான் யோசிக்கவேயில்லை. வயலை ஒட்டிய ரோட்டில்தான் முருக பக்தர்கள் திருச்செந்தூருக்கு நடந்து போவார்கள். அந்தக் கூட்டத்தில், எங்கள் தெரு பெருமாள்ராஜ் இருபத்தொரு நாள் விரதமிருந்து மயில் காவடி எடுத்து ஆடி வந்தான். நான் கத்துவதற்குள் யோனா வரப்பைத் தாண்டிவிட்டான். காவடி சரிந்தது. வாய் நிறையப் பீலியோடு என்னிடம் ஓடிவந்து, காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டினான்.

கூட்டம் முழுவதும் என்னையே பார்த்தது. முருகன் காவடியைச் சாய்த்தது வேதக்காரன் வீட்டு நாய். கையில் இருந்த கம்பால் அடித்தேன். ஓங்கி ஓங்கி அடித்தேன்.

"விடுங்க அண்ணாச்சி, வாயில்லாச் சீவன போட்டு இப்படி அடிக்குதியளே" என்று பெருமாள்ராஜ்தான் வந்து கம்பைப் பிடித்தான். காவடியை நிமிர்த்திக்கொண்டு எல்லோரும் நடந்தார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் அடித்தேன். யோனா செய்தது முழுக்க நான் சொல்லிக்கொடுத்தது.

பத்து நாள் கழித்து நாற்றங்காலில் முளைகட்டிய விதைநெல்லைப் பாவினேன். மறுநாள் விடிந்ததும் ஏழு மயில்கள் இறங்கின.

"ஏலே யோனா, ஓடு! வெரட்டுலே!"

அவன் மயில்களைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான். வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு வரப்போடு வரப்பாகப் படுத்துவிட்டான்.

நானே விரட்டலாம் என்று கையை ஓங்கினேன். யோனா கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கையை இறக்கி அவன் முதுகில் வைத்தேன். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தேன். மயில்கள் அவசரமில்லாமல், முளைவிட்ட நெல்லைக் கொத்திக்கொண்டே எங்கள் பக்கமாக வந்தன.