இரண்டாகத் திறக்கும் மரவீடு

அந்தப் பொம்மை வீட்டுப் பெட்டியை நரெல் வாங்கியது தம்பி மகள் ஃபெர்னுக்காகத்தான். பொய்யில்லை. ஃபெர்னுக்கு ஏழு வயது ஆகப்போகிறது, பொம்மை வீடு என்றால் உயிரை விடுவாள். ஆனால் அதைப் பார்த்து வயிறு எரிய வேண்டிய ஆள் வேறு. அவளுடைய அப்பன் வாரன். தன் கூடப்பிறந்த தம்பியைக் கதற வைக்க வேண்டும் என்று ஒன்றரை வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தாள் நரெல். அந்தப் பெட்டியை வாங்கிய அன்றுதான் அதற்கு வழி பிறந்தது.

அப்படி வாரன் என்னதான் செய்துவிட்டான் என்று கேட்டால், அவர்கள் ஊரான கிம்பியில் பாதிப் பேர், இங்கே எல்லாரும் செய்கிற காரியம்தானே என்பார்கள். அங்கே பழைய மர வீட்டை யாரும் இடிப்பதில்லை. வீடே மரக்கால்களின் மேல்தானே நிற்கிறது? ஜாக்கி வைத்துத் தூக்கி, ரம்பம் போட்டு இரண்டாக அறுத்து, பாதி பாதியாக இரண்டு லாரிகளில் ஏற்றி, வேறு ஊரில் யாருக்காவது விற்றுவிடுவார்கள். காலி மனையில் இரண்டு செங்கல் வீடுகள் எழும்பும். வாரனும் அதைத்தான் செய்தான். ஆனால் அவன் செய்தபோது அப்பா உயிரோடு இருந்தார்.

அப்பா மெர்வ் வாசல் படியில் இரண்டு தடவை விழுந்தார். வாரன் அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தான். அப்பாவுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை அவனிடம் இருந்தது. நரெல் அப்போது வடக்கே ஒரு சுரங்க முகாமில் சமையல் வேலையில் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவன் சொல்லவில்லை. அடுத்த வீட்டு நொயலீன்தான் போன் செய்தாள்.

"ஏண்டி, உங்க வீட்டை லாரில ஏத்திக்கிட்டிருக்கானுங்க. எங்கிட்டகூடச் சொல்லாம வித்துட்டியா?"

நரெல் எட்டு மணி நேரம் வண்டியோட்டி வந்து சேர்ந்தபோது மனையில் இருபத்தாறு மரக்கால்கள் மட்டும் மொட்டையாக நின்றன. அப்பாவின் படுக்கையறை நடுவில்தான் ரம்பம் போட்டார்களாம். அவருடைய பச்சைச் சுவர் லாரி மேலே தெருவுக்கே தெரிகிறமாதிரி போயிற்று என்றாள் நொயலீன்.

அதுகூடப் போகட்டும். அதற்குப் பிறகு நரெல் முகாம் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து, வாரம் மூன்று நாள் இல்லத்துக்குப் போனாள். போகும்போதெல்லாம் அப்பா ஒரே கேள்வி கேட்பார். "மழைக்காலம் வருது. கூரைத் தண்ணிக் குழாயில சருகு அடைச்சிருக்கும். எடுத்தியாம்மா?" அவள் "எடுத்துட்டேன்ப்பா" என்பாள். "கதவெல்லாம் பூட்டினியா?" "பூட்டிட்டேன்ப்பா." ஐந்து மாதம் இந்தப் பொய்யைச் சொன்னாள். வீட்டை விற்றவன் அவன், பொய் சொன்ன வாய் இவளுடையது. அப்பா அப்படியே நம்பிக்கொண்டே செத்தும் போனார். சாவு வீட்டில் கையில் சாண்ட்விச்சோடு நின்றுகொண்டு, "மனுஷன் நிம்மதியா வாழ்ந்துட்டுப் போயிட்டார்" என்றான் வாரன். அந்தச் சாண்ட்விச்சை அவன் வாயில் திணிக்காமல் விட்டதற்கு நரெல் இன்றும் வருத்தப்படுகிறாள்.

பெட்டிக்குள் இருந்தது, பலகைகளை ஒட்டிச் சேர்க்க வேண்டிய இங்கிலாந்துப் பாணி வீடு. இரண்டு மாடி, புகைபோக்கி, முன்பக்கம் கதவுபோலத் திறக்கும். நரெல் அதுவரை ஓர் ஆணிகூட ஒழுங்காக அடித்ததில்லை. அதை அப்பா வீடாக மாற்ற, முதல் வேலையாகப் புகைபோக்கியைக் குப்பையில் போட்டாள். மாடியை எடுத்துவிட்டு அந்தப் பலகைகளை அறுத்துச் சுற்றிலும் வராந்தா வைத்தாள். துடைப்பக் கட்டைகளைத் துண்டு துண்டாக நறுக்கி இருபத்தாறு கால்கள் செய்தாள். கரையான் ஏறாமலிருக்க நிஜ வீட்டுக் கால்களின் தலையில் தகரத் தொப்பி இருக்கும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கட்டையின் உச்சியிலும் ஒரு குண்டூசியை, தட்டைத் தலை உள்ள ரகம், குத்தி வைத்தாள். காபிக் கோப்பையைச் சுற்றி வருமே நெளிநெளியான அட்டை, அதற்கு வெள்ளிச் சாயம் அடித்துத் தகரக் கூரை.

சும்மா வந்துவிடவில்லை. சுவர்ப் பலகைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்து வெயிலில் வைத்தாள். திரும்பி வந்து பார்த்தால் அத்தனையும் சுட்ட அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தன. தேநீர்க் கோப்பையோடு வந்த நொயலீன் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது வீடா, படகா? வெள்ளம் வந்தா ஏறிக்கலாம்னு பார்க்கறியா?"

"வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் பிடி."

மறுபக்கமும் சாயம் அடித்து, மேலே பெயிண்ட் டப்பாக்களை ஏற்றி வைத்ததில் பலகைகள் ஒரு வாரத்தில் நிமிர்ந்தன. அப்பா அறைச் சுவர்களை அவசரப்பட்டு முதலில் ஒட்டிவிட்டாள், பிறகுதான் உள்ளே பச்சை அடிக்கவில்லை என்று உறைத்தது. ஜன்னல் வழியாகத் தூரிகையை விட்டு, கழுத்து சுளுக்கும்வரை அடித்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் முதுகு ஒடிந்தது. ஆனாலும் சலிக்கவில்லை. கோபம் இருந்தால் கை தானாக வேலை செய்கிறது என்பதை அவள் அந்த மூன்று மாதத்தில் கண்டுகொண்டாள்.

வீடு முழுசாக நின்றது. அச்சு அசல் அதே வீடு. நொயலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது நரெல் ரம்பத்தை எடுத்து, கூரை உச்சியிலிருந்து தரை வரை, அப்பாவின் அறை நடுவில் வைத்து அறுக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, என்னடி பண்ற? முன்பக்கமே திறக்குமே."

"முன்பக்கத்தை ஒட்டிட்டேன். இப்படித்தான் திறக்கணும். அவன் திறந்த மாதிரியே திறக்கட்டும்."

பின் வராந்தாவில் இரண்டு கீல் வைத்தாள். வீடு இரண்டாகப் பிளந்து விரிந்தது. ஒரு பாதியில் கட்டில், மறு பாதியில் கதவு. கட்டிலில் கிழவர் பொம்மை ஒன்றை உட்கார வைத்து ஒட்டினாள். அப்பாவின் பழைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் பிரித்து, அதே நூலில் அதற்குச் சின்னதாக ஒரு சட்டை பின்னிப் போட்டிருந்தாள்.

"இதை வச்சுக் குழந்தை எப்படிடி விளையாடும்?" என்றாள் நொயலீன். அவள் குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது.

"வாரன் வீட்டுக் கூடத்துல இது இருக்கும். காலைல எழுந்து காபி குடிக்கும்போது இது அவன் கண் முன்னால நிக்கும். பொண்ணுக்கு வந்த பரிசு, தூக்கிப் போடவும் முடியாது. அது போதும் எனக்கு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிறந்தநாள். வாரன் குடியிருப்பது அதே மனையில் எழும்பிய முன் வீட்டில். கார் நிறுத்தும் கொட்டகையில் மேசை போட்டிருந்தார்கள். வண்ண மிட்டாய்த் தூள் தூவிய ரொட்டி, கேக், பத்துப் பன்னிரண்டு குழந்தைகள். வாரன் ஓரமாக நின்று சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி கெய்லீன் கைகொடுக்க, போர்வை மூடிய வீட்டை நரெல் மேசையில் இறக்கினாள்.

போர்வையை இழுத்தாள்.

"தாத்தா வீடு" என்றாள் ஃபெர்ன். அதைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஐந்து வயதுதான் இருக்கும், ஆனால் மறக்கவில்லை. "படியெல்லாம் இருக்கு. அத்தை, நீயே செஞ்சியா?"

"நானேதான், கண்ணு. திறந்து பாரு."

ஃபெர்ன் திறந்தாள். வீடு பிளந்தது. வாரன் இடுக்கியோடு எட்டிப் பார்த்தான், அவன் முகம் சுண்டிப்போனது. நரெல் அந்த முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா ரூம் மட்டும் ஏன் ரெண்டாப் போகுது?"

இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று மாதம் முதுகு ஒடிய உழைத்தாள் நரெல்.

"அது உங்கப்பாவுக்குத்தான் தெரியும். போய்க் கேளு."

ஃபெர்ன் கேட்டாள். குழந்தைகள், அவர்களைக் கொண்டுவந்து விட்ட பெற்றவர்கள், எல்லாரும் வாரனைப் பார்த்தார்கள். சாசேஜ் கருகிற வாடை வந்தது.

"அறுக்க வந்தவன் எங்க அறுக்கட்டும்னு கேட்டான்" என்றான் வாரன். "நான்தான் அங்கன்னு காட்டினேன். சாக்பீஸால கோடு போட்டேன், தாத்தா கட்டிலுக்கு நேரா." இடுக்கியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், நாற்பத்தெட்டு வயது ஆம்பிளை, ஊராருக்கு முன்னால் ஏங்கி ஏங்கி அழுதான்.

நரெலுக்கு வயிறு குளிர்ந்தது. ஒளிப்பானேன், நன்றாகவே குளிர்ந்தது. அழுடா, இன்னும் அழு என்று மனசுக்குள் சொன்னாள்.

ஃபெர்ன் அப்பாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் குனிந்து ஒவ்வோர் அறையாகத் தேடினாள். சமையலறை, கூடம், வராந்தா, மறுபடியும் சமையலறை. தேடி முடித்ததும் இரண்டு பாதிகளையும் சத்தமில்லாமல் சேர்த்து மூடினாள்.

"அத்தை, இதை எடுத்துக்கிட்டுப் போயிடு."

"உனக்குத்தானே கண்ணு செஞ்சேன்."

"எனக்கில்ல. எனக்குன்னா நான் இருப்பேனே. நானும் அங்க தூங்கியிருக்கேன், நீயும் இருந்திருக்க. தாத்தா மட்டும்தான் இருக்காரு." அவள் அழவில்லை. "அப்பாவை அழ வைக்கத்தான் செஞ்ச. எனக்கு வேணாம்."

நரெல் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று சுற்றிலும் பார்த்தாள். கெய்லீன் மகளின் தோளை அணைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பையன் ரொட்டியைக் கடிப்பதை நிறுத்தியிருந்தான்.

வேறு வழியில்லாமல் நரெல் வீட்டின் ஒரு முனையைப் பிடித்தாள். மறு முனை மேசையை விட்டு எழும்பவில்லை, ஒற்றை ஆளால் தூக்குகிற கனமில்லை அது. உதவிக்கு ஒருவரும் வரவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாரன்தான் வந்தான், அவள் முகத்தைப் பார்க்காமல் மறு முனையைப் பிடித்தான்.

"படி இருக்கு, பார்த்து" என்றான்.

வண்டி வரைக்கும் இருவரும் தூக்கிப்போனார்கள். அந்த மனையை விட்டு அந்த வீடு இரண்டாம் தடவையாகப் போகிறது என்பது பாதி வழியில்தான் நரெலுக்கு உறைத்தது. இந்தத் தடவை அவளும் ஒரு பக்கம் பிடித்திருந்தாள்.